சுரூபம், சன்னல், குடில்: மலைக் கோயில்களில் விசுவாசம் கலையாகும் விதம்

கொடைக்கானலில் சலேத் மாதா கோயிலைப் பார்த்துவிட்டு அதே நாளில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்துக்குள்ளும் நுழைபவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது உருவங்கள்தான். ஓரிடத்தில் பீடத்திலும் மாடங்களிலும் சுரூபங்கள், அதாவது வணக்கத்துக்குரிய சிலைகள். இன்னோரிடத்தில் வெள்ளைச் சுவர், ஒரு சிலுவை, வளைவின்மேல் ஒரு வசனம், பக்கவாட்டில் வண்ணக் கண்ணாடி. இதை ரசனை வேறுபாடு என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். ஆனால் உருவத்தைப் பற்றி ஒரு சபை என்ன நம்புகிறதோ, அதுதான் எந்தப் பொருளில் வேலை நடக்க வேண்டும், அது எத்தனை காலம் நிற்க வேண்டும், பழுதானால் என்ன செய்வது என்பது வரைக்கும் தீர்மானிக்கிறது. மலையின் ஈரம் தன் கணக்கைக் கேட்க வருவது அதற்குப் பிறகுதான்.

வேதாகமத்திலேயே இந்த இழுபறி இருக்கிறது. யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் விக்கிரகம் செய்யாதே என்கிறது. 25ஆம் அதிகாரம் உடன்படிக்கைப் பெட்டியின்மேல் பொன்னில் கேரூபீன் என்ற வானதூதர்களைச் செய்து வை என்கிறது. 31ஆம் அதிகாரத்தில் பெசலெயேல் என்ற கைவினைஞன் பொன், வெள்ளி, வெண்கல வேலைக்கும் கல் வெட்டி மரம் செதுக்கும் வேலைக்கும் தேவ ஆவியால் நிரப்பப்படுகிறான். இதைவிடக் கூர்மையான சான்று வெண்கலச் சர்ப்பம். கடவுள் சொல்லி மோசே அதைச் செய்தார் (எண்ணாகமம் 21). பிற்காலத்தில் மக்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கியதும் எசேக்கியா ராஜா அதை உடைத்துப் போட்டார் (2 இராஜாக்கள் 18). செய்ததும் சரி, உடைத்ததும் சரி என்றுதான் வேதம் சொல்கிறது. அதன்பின் வந்த சண்டைகள் எல்லாம் இந்த இரண்டில் எது முந்தும் என்பதைப் பற்றியவைதான்.

8ஆம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசில் உருவங்கள் உடைக்கப்பட்டபோது, இறையியலாளர் தமஸ்கு யோவான் ஒரு வாதத்தை வைத்தார்: கடவுள் உடல் இல்லாதவராக இருந்தவரை அவரை வரைய முடியாது, அவர் மனிதனாகப் பிறந்து கண்ணுக்குத் தெரிந்தபின் தெரிந்ததை வரையலாம். 787இல் கூடிய இரண்டாம் நீசேயா பொதுச்சங்கம், உருவத்துக்குச் செய்யும் வணக்கம் அது யாரைக் குறிக்கிறதோ அவரையே போய்ச் சேரும், ஆராதனை மட்டும் கடவுளுக்கே உரியது என்று முடிவு செய்தது. கத்தோலிக்கர் இன்றும் நிற்பது இதன்மேல்தான். 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்தில் லூத்தர் உருவங்களைப் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை, கால்வின் வழியினர் சுவரைத் துடைத்து வெறுமையாக்கினார்கள், ஆங்கிலிக்கர் நடுவில் நின்றார்கள். மலைக்கு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். கொடைக்கானலில் 1845இல் வீடு கட்டிக் குடியேறிய அமெரிக்க மதுரை மிஷன் கால்வின் வழியைச் சேர்ந்தது. அங்கே சலேத் மாதா கோயிலை எழுப்பியவர்கள் பிரெஞ்சு இயேசு சபையினர். ஊட்டியின் புனித ஸ்தேவான் ஆலயம் ஆங்கிலிக்கருடையது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகிப் புராட்டஸ்டண்ட் பிரிவுகள் பல ஒன்றானபின்பும் சுவர்கள் பழைய நம்பிக்கையைத்தான் காட்டுகின்றன.

தொடப்படும் உருவம்

வணக்கம் உருவத்தைத் தாண்டி ஆளைச் சேரும் என்றால், உருவம் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பாதத்தைத் தொட வேண்டும், மாலை போட வேண்டும், சப்பரத்தில் ஏற்றித் தெருவில் கொண்டுபோக வேண்டும். சுரூபத்துக்கு வரும் சேதங்கள் பெரும்பாலும் இந்தப் பக்தியால் வருபவைதான்.

சலேத் மாதாவையே எடுத்துக்கொள்வோம். 1846 செப்டம்பர் 19 அன்று பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த மெலனி, மாக்சிமின் என்ற இரண்டு பிள்ளைகளுக்கு மாதா காட்சி கொடுத்ததாக வரலாறு. அந்த விவரிப்பிலிருந்து மூன்று நிலைகள் உருவாயின: உட்கார்ந்து முகத்தைக் கையில் புதைத்து அழுவது, நின்று பிள்ளைகளிடம் பேசுவது, மேலே எழும்பிப் போவது. நிலை எதுவானாலும் மார்பில் தொங்கும் சிலுவையில் ஒரு பக்கம் சுத்தியல், மறுபக்கம் குறடு இருக்க வேண்டும். ஆணி அடித்தது ஒன்று, ஆணி பிடுங்கியது மற்றொன்று. இந்தக் குறடுதான் சுரூபத்தில் முதலில் காணாமல் போகும். விரல் நீளம்கூட இல்லாத மெல்லிய புடைப்பு அது. ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஒரு கோட்டிங் எனாமல் ஏறினால், பத்துப் பதினைந்து பூச்சுக்குப் பிறகு குறடு ஒரு மொட்டைக் குச்சியாகிவிடும். கண்ணிமை, உதட்டு ஓரம், விரல் இடுக்கு எல்லாவற்றுக்கும் இதே கதி.

ஏன் பழையதை எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பதில்லை? குரு ஜெபித்து மந்திரித்த சுரூபத்தைக் குப்பையில் போட முடியாது. உடைந்து போனால் எரிப்பார்கள் அல்லது புதைப்பார்கள். உடையாதவரை வண்ணம் பூசிக்கொண்டே இருப்பார்கள். ஆக பூச்சுகளின் எண்ணிக்கைக்கே ஒரு சமயக் காரணம் இருக்கிறது.

பழைய சுரூபங்கள் பெரும்பாலும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். சரியாக வார்க்கும் முறை: 100 பங்கு எடை மாவுக்கு 65 முதல் 70 பங்கு தண்ணீர். தண்ணீரில்தான் மாவைத் தூவ வேண்டும். மாவில் தண்ணீர் ஊற்றினால் கட்டி தட்டும். ஒன்றிரண்டு நிமிடம் ஊறவிட்டு, நுரை எழும்பாமல் கலக்க வேண்டும். இறுக ஆரம்பித்த மாவில் தண்ணீர் விட்டு மறுபடி கலக்குவது பெரிய தப்பு. இறுகியது போலத் தெரியும், நகத்தால் கீறினால் உதிரும். உள்ளே வலுவுக்குச் சணல் நாரைப் பிளாஸ்டர் கரைசலில் தோய்த்துப் படிய வைப்பார்கள். கம்பி போட்டால் துத்தநாகம் பூசியதோ எவர்சில்வரோ போட வேண்டும். சாதா இரும்புக் கம்பி மலை ஈரத்தில் துருப்பிடித்துப் பருத்து, மணிக்கட்டிலும் கழுத்திலும் பழுப்புக் கறையோடு வெடிப்பைக் கிளப்பும்.

காய வைப்பதில்தான் மலையில் சிக்கல். மேலே தொட்டால் காய்ந்தது போலிருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அவசரப்பட்டு அடுப்புப் பக்கத்தில் வைத்தால் 50 டிகிரிக்கு மேல் சூடேறிய இடத்தில் பிளாஸ்டர் தன் உள்நீரை இழந்து மாவாகிவிடும். தராசை நம்புவதே நல்லது: தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டு, அடுத்தடுத்த மூன்று நாள் எடை குறையாமல் நின்றால் காய்ந்துவிட்டது. அதன்பின் பிரெஞ்சு பாலிஷுக்குப் பயன்படும் அரக்கை ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 100 முதல் 150 கிராம் என்ற அளவில் கரைத்து இரண்டு மெல்லிய கோட்டிங். வண்ணம் அதற்கு மேல். ஈரம் இருக்கும்போதே எனாமல் அடித்தால் முதல் வெயிலில் கொப்புளம் எழும், கொப்புளம் உடைந்த இடத்தில் சதை போல வெள்ளை தெரியும்.

பழைய பூச்சைக் கழற்றும்போது தண்ணீரும் காஸ்டிக் சோடாவும் கூடவே கூடாது. ஜிப்சம் ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு கிராம் அளவுக்குக் கரையக்கூடியது. ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தாலே மூக்கு நுனி மழுங்கும். உப்புத்தாளும் முகத்துக்கு ஆகாது. மழுங்கிய கத்தியால் பூச்சின் விளிம்பைத் தூக்கித் தூக்கி எடுப்பதுதான் வழி. மெதுவான வேலை, திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது தொடங்கக்கூடாத வேலை.

இப்போது ஃபைபர் சுரூபங்கள் வந்துவிட்டன. ஈரம் ஒன்றும் செய்யாது, எடை குறைவு. ஆனால் உயரம் கூடக் கூடப் புற ஊதாக் கதிர் கடுமையாவதால், வெளியே கெபி என்னும் குகை மாடத்தில் நிற்கும் ஃபைபர் மாதாவின் நீலம் சில ஆண்டுகளில் சுண்ணாம்பு பூத்தது போல வெளிறும். சப்பரத்தில் ஏற்றினால் காற்றுக்கு ஆடும். அடிப்பாகத்தில் மணல் மூட்டையோ இரும்புத் தகடோ வைத்துப் போல்ட் போட வேண்டும். மரச் சுரூபத்தைச் சமவெளியில் செதுக்கிக் கொண்டுவந்தால் வண்ணம் பூசாமலே ஓரிரு மாதம் கோயிலுக்குள் நிறுத்த வேண்டும். சமவெளியில் உலர்ந்த மரம் மேலே வந்ததும் ஈரம் குடித்து உப்பும். பூசியபின் உப்பினால் இணைப்புகளின் கோட்டிலேயே வண்ணம் பிளக்கும்.

தொடமுடியாத உருவம்

புராட்டஸ்டண்ட் பக்கம் உருவத்துக்கு மூன்று வாசல்கள் திறந்தன: கண்ணாடி, எழுத்து, பாட்டு. கண்ணாடிச் சன்னலுக்கு யாரும் மாலை போட முடியாது, தூபம் காட்ட முடியாது. அது கதை சொல்லும், இறந்தவரின் பெயரைத் தாங்கும், வெளிச்சம் போனால் தானும் போய்விடும். எசேக்கியா பயந்தது அங்கே நடக்காது என்ற நிம்மதி இருந்ததால்தான் சுரூபத்தை ஏற்காத ஆலயம் கண்ணாடியில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டது.

ஊட்டி புனித ஸ்தேவான் ஆலயத்துக்கு 1829இல் அடிக்கல் நாட்டப்பட்டது, 1830இல் அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. கூரைக்கான பெரிய மரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்தவை. ஒரு ராஜ்யம் விழுந்ததன் சாட்சியும் அந்தக் கூரையில் இருக்கிறது என்பதை, அதன் அழகைப் புகழ்கிறவர்கள் சேர்த்தே சொல்ல வேண்டும். அங்கும் மலையின் மற்ற பழைய ஆலயங்களிலும் உள்ள வண்ணக் கண்ணாடியின் அமைப்பு எளியது: வெட்டிய கண்ணாடித் துண்டுகள், அவற்றைப் பிடிக்கும் ஈயப் பட்டைகள், மூட்டுகளில் பற்றவைப்பு, இடைவெளியில் ஆளிவிதை எண்ணெயும் சாக்பொடியும் கலந்த பசை, பின்னால் குறுக்கே இரும்புக் கம்பிகள், கம்பியோடு பட்டையைக் கட்டும் செம்புக் கம்பி. முகம், மடிப்பு போன்ற நுணுக்கங்கள் கண்ணாடித் தூளும் இரும்பு ஆக்சைடும் கலந்த கலவையால் எழுதி 650 டிகிரிக்கு அருகில் சுட்டவை. சூடு போதாமல் சுட்டிருந்தால் அந்த முகம் ஈரத்துணிக்கே கையோடு வந்துவிடும்.

ஈரம் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. உட்கார்ந்திருக்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலுமாக மணிக்கு ஏறக்குறைய 40 கிராம் நீரை வெளியேற்றுகிறார். 300 பேர் ஒன்றரை மணி நேரம் ஆராதனையில் இருந்தால் 18 லிட்டர். ஒரு கிலோ பாரஃபின் மெழுகுவர்த்தி எரிந்தால் இன்னும் 1.3 லிட்டர். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் அளவுக்குக் குளிரும் ஊரில், கதவைச் சாத்திக்கொண்டு பாடிய பாட்டெல்லாம் கண்ணாடியில் நீராக வழிந்து கீழ்ச் சட்டத்தில் தேங்கும். அங்கேதான் இரும்புக் கம்பி துருப்பிடித்துப் பருத்துக் கல்லையும் கண்ணாடியையும் உடைக்கும். ஆராதனை முடிந்ததும் எதிரெதிர்ச் சன்னல்களை அரைமணி நேரம் திறந்துவைப்பது செலவில்லாத பராமரிப்பு. குரங்குக்கும் கல்லுக்கும் பயந்து வெளியே பாலிகார்பனேட் தகடு அடிப்பவர்கள், இரண்டுக்கும் நடுவில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடம் விட்டு, மேலும் கீழும் காற்றுவழி வைக்க வேண்டும். இறுக்கி அடைத்துவிட்டால் கண்ணாடி ஆண்டு முழுக்க நீராவியில் வேகும். ஈயம் நூறாண்டு வாக்கில் தளரும். சன்னல் வயிறு தள்ளி நின்றால் கையால் அழுத்தி நேராக்கப் பார்க்காமல், முழுதாகக் கழற்றி ஈயத்தை மாற்ற வேண்டும்.

எழுத்து இன்னும் சுவாரசியம். தமிழ் சி.எஸ்.ஐ. ஆலயங்கள் பலவற்றில் பலிபீடத்து வளைவின்மேல் இருப்பது 96ஆம் சங்கீதத்தின் வரி: ‘பரிசுத்த அலங்காரத்துடனே கர்த்தரைத் தொழுதுகொள்ளுங்கள்’. உருவம் இல்லாத சுவரில் அதுதான் அலங்காரம். ஆனால் வளைவில் எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் தொல்லை தெரியும். நான்கு சொற்கள், நடுவில் பிரித்தால் பக்கத்துக்கு இரண்டு. இடப்பக்கம் 14 எழுத்து, வலப்பக்கம் 15. சமமாகத்தான் தோன்றும். ஆனால் ‘தொ’, ‘கொ’ இரண்டும் மும்மூன்று எழுத்தகலம் கேட்கும். ‘ரை’, ‘கா’, ‘னே’ இரண்டிரண்டு. அகலமாக எண்ணினால் இடம் 16, வலம் 20. வளைவின் உச்சியில் இரண்டாம் சொல்லை முடித்து மூன்றாவதைத் தொடங்கினால், ‘தொழுதுகொள்ளுங்கள்’ வலப்பக்க மூலையில் நெருங்கி, கடைசி எழுத்து தூணில் இடிக்கும். சரியான உச்சி ‘கர்த்தரை’யின் முதல் இரண்டு எழுத்துக்குள் வரும். ஆகவே இடமிருந்து எழுதத் தொடங்காமல், முழு வரியையும் நீளக் காகிதத்தில் எழுதி, பாதியாக மடித்து, மடிப்பை உச்சியில் வைத்துப் பிரிக்க வேண்டும். வளைவின் மையத்தில் ஆணி அடித்து நூல் கட்டி, ஒவ்வொரு எழுத்தும் அந்த நூலின் திசையில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘ழு’, ‘ளு’ கீழே இறங்கும், ‘ரி’யின் வளைவும் புள்ளிகளும் மேலே ஏறும், எழுத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மேலும் கீழும் விடாவிட்டால் கரைக்கோடு அவற்றை வெட்டும்.

சுவரும் ஒத்துழைக்க வேண்டும். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை வாங்கும், விடும். அதன்மேல் சிமென்ட்டும் பிளாஸ்டிக் எமல்ஷனும் ஏறியபின் உள்ளே போன ஓதம் வெளியே வர வழியின்றி, உப்புப் பூத்து எழுத்தைத் தூக்கிப் போடும். அப்படிப்பட்ட சுவரில் படமோ வசனமோ நேரடியாக எழுதுவது பணத்தை வீணாக்குவதுதான். தனிப் பலகையில் எழுதி, பின்னால் இரண்டு சென்டிமீட்டர் கட்டைவைத்து மாட்டுவது மேல். சுண்ணாம்பு ஈரத்தில் ஓவியம் எழுத விரும்பினால் காவி, செம்மண், பச்சைமண் போன்ற மண்ணிறங்கள் நிற்கும். பிரஷ்யன் நீலம் சுண்ணாம்புக் காரத்தில் நிறம் கெடும். உறைபனிக் காலத்தில் பூசினால் சுண்ணாம்பு இறுகாது. கொடைக்கானலிலும் குன்னூரிலும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, உறைபனியும் போனபின், பிப்ரவரி, மார்ச்சில் செய்வதே சரி.

பாட்டைப் பற்றி ஒன்று மட்டும். சுவரில் வரையாததை எல்லாம் தமிழ்ப் புராட்டஸ்டண்டுகள் கீர்த்தனையில் வரைந்தார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) அதில் முன்னோடி. மலைப் பாடகர் குழுவுக்கு இதில் வரும் பொருள்சார்ந்த தொல்லை மிருதங்கம்: மூடுபனியில் தோல் ஈரம் குடித்துச் சுருதி இறங்கும், ஆராதனைக்கு முன் வெயிலோ கணப்போ காட்டாமல் எடுக்கக்கூடாது.

யார் கை, யார் வடிவம்

விசுவாசம் இல்லாதவர் கோயிலுக்குக் கலை செய்யலாமா என்ற கேள்வி ஐரோப்பாவில் ஒரு மலைக்கோயிலில்தான் பெரிதாக வெடித்தது. பிரெஞ்சு ஆல்ப்ஸில், காசநோய் விடுதிகள் சூழ்ந்த அஸ்ஸி மேட்டில் 1950இல் திறந்த கோயிலுக்கு, கூத்தூரியே என்ற டொமினிக்கன் குரு, ஓவியர்கள் மத்தீஸ், லெஜே போன்றவர்களை அழைத்தார். விசுவாசிகளா என்று பார்க்கவில்லை, திறமையைப் பார்த்தார். சிற்பி ஷெர்மேன் ரிஷியே செய்த பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் கிறிஸ்து) உருக்குலைந்து இருக்கிறது என்று எதிர்ப்பு எழுந்து 1951இல் அகற்றப்பட்டது. பல ஆண்டுகளுக்குப் பின் திரும்பியது. தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியை யாரும் இவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை. சுரூபம் வார்ப்பவரும் சப்பரம் கட்டுபவரும் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்பது இங்கே கூலிப் பேச்சில் வருவதில்லை. அது நல்ல வழக்கம்.

1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபைக்கென்று தனியாக ஒரு கலைப்பாணி கிடையாது என்று அறிவித்தபின் உள்ளூர் வடிவங்களுக்குக் கதவு திறந்தது. நீலகிரியில் முதலில் கை போவது தோடர் பூத்தையலுக்குத்தான். வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்பும். வரைபடம் இல்லை, இழையை எண்ணி எண்ணித் தைப்பது. 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. பீடத்துணிக்கோ குருவின் தோள்பட்டிக்கோ கேட்பவர்கள் இரண்டைக் கவனிக்க வேண்டும். இழை எண்ணும் தையலில் வளைகோடு படிக்கட்டாகும். புறா வரைந்த காகிதத்தைக் கொடுத்து அதே மாதிரி வேண்டும் என்றால் வராது. சிலுவை, சதுரம், முக்கோணம் இயல்பாக வரும். இன்னொன்று, அந்தப் பூத்தையல் புத்துக்குளி என்ற தோடர் போர்வைக்குரியது, இறந்தவரைப் போர்த்துவதற்கும் அதுவே. எந்தக் கோலம் எதற்கு என்று தைக்கும் பெண்களிடம் கேட்காமல் எடுத்து ஒட்டுவதற்குப் பண்பாட்டுமயமாக்கல் என்று பெயர் வைப்பது பொருந்தாது.

பிரிக்கப்படும் உருவம்

இரு தரப்பும் ஒன்றுசேரும் இடம் கிறிஸ்துமஸ் குடில். 1223இல் இத்தாலியின் கிரேச்சோவில் பிரான்சிஸ் அசிசியார் வைக்கோலும் மாடும் கழுதையுமாகக் காட்டியதிலிருந்து வந்த வழக்கம் இது. இன்று சி.எஸ்.ஐ. வீடுகளிலும் நட்சத்திரத்துக்குக் கீழே ஒரு குடில் இருக்கிறது. காரணம் எளிது: அது கதை சொல்கிறது, ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாளோடு பிரிக்கப்படுகிறது. வணங்கப்படும் அளவுக்கு நிலைத்து நிற்பதில்லை.

மலைக் குடிலின் பழைய தவறு பாசி. சோலை மரங்களிலிருந்து பாசியை உரித்துப் பரப்பினால் பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் பாசிதான் மூடுபனியைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக ஓடைக்கு விடுகிறது. உரித்த இடத்தில் மறுபடி படிய ஆண்டுகள் ஆகும். காப்புக்காட்டிலிருந்து எடுப்பது வனச்சட்டப்படி குற்றம். படைப்பைக் கொண்டாடும் திருநாளுக்குப் படைப்பை உரிப்பது என்ன கணக்கு?

மாற்று நம் கையிலேயே இருக்கிறது: முளைப்பாரி. பிரான்சின் புரோவென்ஸ் பகுதியில் புனித பார்பரா திருநாளான டிசம்பர் 4 அன்று கிறிஸ்துமஸுக்காகக் கோதுமை விதைப்பார்கள். மலைக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தும். சமவெளியில் எட்டு ஒன்பது நாளில் வளரும் நாற்றுக்கு இந்தக் குளிரில் அதைப்போல் இரண்டு மடங்கு நாள் வேண்டும். கேழ்வரகு சூடு கேட்கும். கோதுமையோ பார்லியோ போடலாம். ஓர் இரவு ஊறவைத்து, ஓட்டையுள்ள தட்டில் இரண்டு விரல் மண்ணும் மட்கும் போட்டு நெருக்கமாக விதைத்து, முளை வரும்வரை இருட்டில் மூடி வைக்க வேண்டும். தண்ணீர் தேங்கினால் பூஞ்சணம் பிடித்து நடுவில் வட்டமாகப் படுத்துவிடும், தெளித்தால் போதும்.

குன்றுக்குப் பிரவுன் காகிதமும் மைதாப் பசையும். ஒரு பங்கு மைதாவுக்கு ஏழு பங்கு தண்ணீர், கண்ணாடி போல ஆகும்வரை காய்ச்சி, ஒரு சிட்டிகை மயில்துத்தம் போட்டால் பூசணம் வராது. மயில்துத்தம் விஷம் என்பதால் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். வைக்கோல் கூரைக்குள் மெழுகுவர்த்தி வேண்டாம். சீரியல் பல்பின் வயர் மூட்டுகள் ஈர மண்ணைத் தொடாமல் மேலே கட்டப்பட வேண்டும்.

பிரிக்கும்போது பொம்மைகளைத் துடைத்தவுடன் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டுவதுதான் அதிகம் நடக்கும் தப்பு. உள்ளே அடைபட்ட ஈரம் அடுத்த டிசம்பருக்குள் வண்ணத்தைப் பையோடு ஒட்டவைத்துவிடும். இரண்டு நாள் ஆறவிட்டு, பழைய பருத்தி வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றி, மரப்பெட்டியில், தரையில் படாமல், சமையலறைச் சுவரை ஒட்டிய பரணில் வைக்கலாம். முளைப்பாரியை மாட்டுக்குப் போடலாம்.